வரைபடத்தில் விழாத கான்

கேமரன் மலையின் மண் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. ரிங்லெட் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினாலே போதும். தே தாரிக் நிறத்தில் தண்ணீர், ஓரத்தில் மேடிட்ட சேறு, அதை அள்ளும் இயந்திரங்கள். இது இயற்கை ஏரி அல்ல. 1960களில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆண்டுக்காண்டு மண் வந்து உட்கார்ந்துகொண்டது. 2013 அக்டோபர் 23 விடியுமுன், கனமழையில் நிரம்பிய அணையைத் திறந்துவிட, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. மேலே எந்தச் சரிவு கரைகிறது என்ற கேள்விக்கு அன்று வந்த அவசரம் இன்னும் தணியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் தொழில் ஒன்று பெட்டாலிங் ஜெயாவில், குளிர்சாதன அறைக்குள் நடக்கிறது. மண்ணரிப்பு அபாய வரைபடம் போடுகிற தொழில். என் நண்பரின் மகள் அந்த வேலையில் இருக்கிறாள், புவியியல் படித்தவள். ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போட்ட வரைபடத்தை அக்டோபர் மழைக்கு முன்னால் நேரில் சரிபார்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். அவள் உட்கார்ந்திருக்கும் பெட்டாலிங் ஜெயாவே பழைய தோட்ட மண்தான். 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர்த் தோட்டத்தை எடுத்துத்தான் இந்த நகரத்தைக் கட்டினார்கள். பால்மரம் சீவிய மண்ணில் இன்று ஒரு கணினித் திரை; அதில் தேயிலை மலை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விரிந்து கிடக்கிறது.

புறப்படும் முன் எனக்கு ஒரு பாடம் எடுத்தாள். அமெரிக்காவில் விஷ்மையர், ஸ்மித் என்ற இருவர் 1965இல் வெளியிட்டு 1978இல் செம்மைப்படுத்திய சமன்பாடு. மழையின் வேகம், மண்ணின் இளக்கம், சரிவின் நீளமும் செங்குத்தும், மேலே மூடியிருக்கும் பயிர், மண்ணைக் காக்க மனிதர் செய்த வேலை ஆகிய ஐந்தையும் பெருக்கினால் ஓர் எக்டரிலிருந்து ஓராண்டில் எத்தனை டன் மண் பெயரும் என்று விடை வரும். நம் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 2010 வழிகாட்டியும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மழைக்கு மழைமானிக் கணக்கு இருக்கிறது. மண்ணை அள்ளிப்போய்ப் பரிசோதிக்கலாம். சரிவுக்கு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்து தந்த உயரங்கள். பயிருக்குத்தான் செயற்கைக்கோள் படம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நிலம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 2015 முதல் பறக்கும் ஐரோப்பிய சென்டினல்-2, பூமியைப் பத்து மீட்டர் சதுரங்களாகப் படம் எடுத்து இலவசமாகத் தருகிறது.

இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி மேகம். இந்தச் செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடப்பது காலை பதினொன்றரையை ஒட்டி. மலையில் அதற்குள் மேகம் திரண்டுவிடும். முழுத் தோட்டமும் ஒரே நாளில் தெளிவாக விழுந்த படம் அபூர்வம். எனவே சில மாதப் படங்களை அடுக்கி, ஒவ்வொரு சதுரத்துக்கும் மேகமில்லாத நாள்களைப் பொறுக்கி, நடு மதிப்பை எடுத்து ஒட்டுகிறார்கள். திரையில் நாம் பார்க்கும் மலை, எந்த ஒரு நாளிலும் இருந்த மலை அல்ல. இது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சரிவிலும் ஒரு சிக்கல். சமன்பாடு பிறந்தது 22 மீட்டர் நீளமும் 9 விழுக்காடு சரிவும் உள்ள வயல் துண்டை அளவுகோலாக வைத்து. அது சுமார் 5 டிகிரி. கேமரனில் 25 டிகிரிச் சரிவில் தேயிலை நிற்பது சாதாரணம். பின்னாளில் திருத்திய சமன்பாட்டில் அதைப் போட்டால் செங்குத்துக் காரணி மட்டுமே ஆறரை மடங்கு ஏறுகிறது.

தோட்டத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் ஓய்வுபெற்ற மண்டோர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்த மலைதான். இப்போது கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள்; தமிழ் கேட்பது குறைந்துவிட்டது.

முதலில் போனது வரைபடத்தின் மிகச் சிவப்பான திட்டுக்கு. திரையில் அது வெறும் மண். நேரில் அது கவ்வாத்து வெட்டிய மலை. இலை ஒன்றுகூட இல்லாமல் செடிகள் குச்சிகுச்சியாக நின்றன. ஆனால் வெட்டிய கிளைகளை அப்படியே வரிசைகளுக்கு நடுவே பரப்பியிருந்தார்கள். பெரியவர் குனிந்து ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் மண் ஈரமாக, கலையாமல் இருந்தது.

“இத அள்ளிட்டா மழ நேரா மண்ணுல குத்தும் பாப்பா. மூடியிருந்தா குத்தாது.”

காய்ந்த குச்சிக்குப் பச்சை கிடையாது. செயற்கைக்கோளின் கண்ணுக்கு அதுவும் வெறும் தரையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆபத்து பச்சையில் இருந்தது. அடர்பச்சையாக, ‘மிகக் குறைந்த அபாயம்’ என்று வரைபடம் சொன்ன சரிவுக்குப் பெரியவர்தான் இழுத்துக்கொண்டு போனார். மேலே இலைமட்டம் கண்ணுக்கு அவ்வளவு அழகு. செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கினால் தூர்ந்துபோன ஒரு கான். சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, லேசான வாட்டத்தோடு வெட்டும் வடிகாலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். மேலிருந்து ஓடிவரும் தண்ணீரை நடுவழியில் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்து ஓடைக்குக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. உள்ளே இடையிடையே மண் தடுப்பு விடுவார்கள். தண்ணீர் அங்கே நின்று வண்டலை இறக்கிவிட்டுப் போகும். அந்த வண்டலை அவ்வப்போது வாரிவிட வேண்டும். இங்கே யாரும் வாரவில்லை. கான் நிரம்பி, ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு, நேர்கீழே முழங்கால் ஆழத்துக்கு மண்ணை அறுத்துக்கொண்டு போயிருந்தது. கானே வெட்டாமல் இருந்திருந்தால் தண்ணீர் பரவலாக இறங்கியிருக்கும். பராமரிக்காத கான் அதை ஒன்றுசேர்த்து ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. இரண்டு பக்கச் செடிகளும் மேலே சேர்ந்து மூடியிருந்ததால் விண்ணிலிருந்து பார்த்தால் பச்சை மட்டும்தான்.

“முன்னெல்லாம் கான் வார்றதுக்குன்னே ஆளு இருக்கும். மழைக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பாத்துருவோம். இப்ப இருக்கிற ஆளு கொழுந்துக்கே பத்தல.”

“இந்த மலையில மொத்தம் எத்தன கான் இருக்குங்க தாத்தா?”

“எண்ணியா வச்சிருக்கோம்? வெட்டுனவனுக்குத் தெரியும்.”

நான் அவளிடம் கேட்டேன்: அந்த ஐந்தாவது காரணிக்கு, மனிதர் செய்த வேலைக்கு, நீ என்ன போட்டாய்?

“ஒன்னு, அங்கிள்.”

ஒன்றால் எதைப் பெருக்கினாலும் மாறாது. மண்ணைக் காக்க இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். அவள் சோம்பேறி அல்ல. தரவு இல்லாத இடத்தில் 1 போட்டுவிடுவது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஓர் அடி அகலக் கானைப் பத்து மீட்டர் சதுரத்தில் எப்படிப் பார்ப்பது? ஆனாலும் எனக்கு உறுத்தியது. மழைக்கும் மண்ணுக்கும் இலைக்கும் தசமப் புள்ளி வரை மதிப்புத் தருகிறார்கள். மூன்று தலைமுறை மண்வெட்டி வேலை மட்டும் ஒன்றால் பெருக்கப்பட்டுக் காணாமல் போகிறது. நல்ல கான் உள்ள சரிவு அநியாயமாகச் சிவப்பாகிறது. உடைந்த கான் பச்சைக்குள் ஒளிந்துகொள்கிறது.

தோட்டத் தொழிலாளியின் மண்வெட்டிக்கும் மண்ணின் கதிக்கும் உள்ள உறவு இந்த நாட்டில் பழையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல் இருக்கக்கூடாது என்பது துரைமார் கட்டளை. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டியும் நாள்கூலிக்குப் புல் வெட்டியவர். வெட்ட வெட்ட மேல்மண் மழையோடு போயிற்று. பிறகுதான் பயறு வகைக் கொடிகளை மூடுபயிராக விடும் வழக்கம் வந்தது. செம்பனை மறுநடவில் இன்றும் அந்தக் கொடிகளைப் பார்க்கலாம். பாட்டியின் கையில் மண்வெட்டி இருந்தது, முடிவு இல்லை.

தேயிலையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. முதிர்ந்து மூடிய தேயிலையைவிடத் திறந்த காய்கறி நிலத்தில் மண் அதிகம் கரையும். காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. கூரை மழைத்துளியைத் தடுக்கிறது. ஆனால் கூரைத் தண்ணீர் மொத்தமும் ஒரு மூலையில் இறங்கி மண்ணை அறுக்கிறது. சமன்பாடு அந்த அறுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. நிலச்சரிவையும் எடுப்பதில்லை. 2022 டிசம்பர் 16இல் பத்தாங் காலியில் 31 பேர் உயிரைப் பறித்தது கரைந்த மண் அல்ல, மொத்தமாகப் பெயர்ந்த மலை. இந்த வரைபடத்தில் பச்சை என்றால் வீடு கட்டலாம் என்று யாரும் படித்துவிடக் கூடாது.

பிற்பகல் முழுக்க அவள் பெரியவர் பின்னாலேயே நடந்தாள். அவர் காட்டிய ஒவ்வொரு கானையும் கைப்பேசியில் கோடாகப் பதிந்து, நல்லது, தூர்ந்தது, உடைந்தது என்று குறித்துக்கொண்டாள். பெட்டாலிங் ஜெயா திரும்பிய பிறகு 1 இருந்த இடங்களில் வேறு எண்கள் ஏறின. கான் நன்றாக உள்ள சரிவுகளில் பாதிக்கும் கீழே. பரப்பியிருந்த கிளைகளையும் மூடலாகக் கணக்கில் சேர்த்ததும் கவ்வாத்துத் திட்டின் சிவப்பு மஞ்சளானது. பச்சைக்கு நடுவே, சமன்பாடு தராத சில சிவப்புக் கோடுகளை அவள் கையாலேயே வரைந்தாள்.

மலைத்தோட்டங்களுக்கு வரைபடம் கேட்கும் நிர்வாகங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத் தொகையிலேயே, கான் தெரிந்த ஒரு தொழிலாளிக்கு நாள்சம்பளம் ஒதுக்குங்கள். வரைபடத்தின் மூலையில் தயாரித்தவர் பெயரோடு அவர் பெயரையும் அச்சிடுங்கள். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.