கொழுக்குமலைக்கு ஜீப் பயணம்

கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது; ஜீப் போவதோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து! பல்லடத்திலிருந்து உடுமலை, மறையூர், மூணாறு வழியாகச் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். முழுகாமல் இருக்கும் நாத்தனார் மகளுக்கும் வர ஆசை. "வேண்டாம் கண்ணு" என்று அவள் அம்மாவுடன் அறையிலேயே இருக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

ஞாயிறு விடியுமுன் ஜீப் ஏறினோம். பாதையா அது? பாறையும் பள்ளமும்தான்! "கம்பியைக் கெட்டியாப் பிடிங்கக்கா!" என்றார் டிரைவர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மேலே சுமார் 7,900 அடி உயரம். காலடியில் மேகம், எதிரே சூரியன். 1930களில் அமைந்த தேயிலைத் தொழிற்சாலையில் சுடச்சுடத் தேநீர்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், இடுப்புவலிக்காரர்கள் இந்தக் குலுக்கலுக்கு ஆசைப்பட வேண்டாம். மற்றவர்கள் ஸ்வெட்டரோடு, வயிறு முட்டச் சாப்பிடாமல் கிளம்புங்கள். மலை எங்கும் ஓடிவிடாது. பிள்ளை பிறந்து ஓடியாடட்டும், அவளையும் கூட்டிப் போவேன்.