பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: ஒரு வாரக் குறிப்புகள்

திங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியைக் கேட்பதால், நன்றாக ஓடும் பழைய லேப்டாப்கள் பலவற்றில் அதை முறைப்படி நிறுவ முடியாது. இவற்றைத் தூக்கிப் போடத் தேவையில்லை, லினக்ஸ் இருக்கிறது. புதியவருக்கு ஏற்றது லினக்ஸ் மின்ட். அதன் மெனுவும் டாஸ்க்பாரும் விண்டோஸ் பழகியவருக்கு உடனே பிடிபடும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ராம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். ஆர்ச் அருமையான லினக்ஸ்தான், ஆனால் தொடக்கத்துக்கு உரியதல்ல.

செவ்வாய்

மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். அதற்குமுன் இறக்கிய கோப்பின் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுவது அவசியம். பாதியில் நிற்கும் நிறுவல்கள் பலவற்றுக்கு அரைகுறை டவுன்லோடு அல்லது பழுதான பென்டிரைவே காரணம்.

புதன்

புதியவரை மிகவும் மிரட்டும் பிழை இது: பென்டிரைவிலிருந்து லைவ் திரை வந்துவிடும், வைஃபையும் கிடைக்கும், ஆனால் நிறுவும் இடத்தில் எஸ்எஸ்டியே தெரியாது. டிஸ்க் கெட்டுவிடவில்லை. பயாஸில் சேமிப்பகம் 'ரெய்டு' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' முறையில் இருந்தால், என்விஎம்இ டிஸ்க்கை லினக்ஸால் பார்க்க முடியாமல் போகலாம். டெர்மினலில் 'sudo dmesg' கட்டளை கொடுத்தால், ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றும்படி கெர்னலே சொல்லியிருப்பதைப் பல நேரங்களில் காணலாம்.

விண்டோஸும் வேண்டும் என்பவர் அவசரப்பட்டு மாற்றக் கூடாது. அடுத்த முறை விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடக்கூடும். முதலில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எம்எஸ்கான்ஃபிக்கில் 'சேஃப் பூட்' தேர்ந்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸில் மாற்ற வேண்டும். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் திறந்ததும் அந்தத் தேர்வை எடுத்துவிடலாம்.

வியாழன்

என்விடியா கார்டு உள்ள கணினியில் திரை கறுப்பாகவே நின்றால், பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோடு' உதவும். நிறுவியபின் டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைப் போட வேண்டும். வைஃபை வராவிட்டால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து டிரைவரை இறக்கலாம்.

வெள்ளி

நிறுவி முடித்தும் நேராக விண்டோஸே திறந்தால், பயாஸின் பூட் வரிசையை முதலில் பார்க்க வேண்டும். விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருந்தாலும் இப்படி நேரும். பூட்-ரிப்பேர் கருவி பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

படங்களும் ஆவணங்களும் வெளி டிஸ்க் ஒன்றில் பத்திரமாகச் சேரும்வரை 'இன்ஸ்டால்' பொத்தானைத் தொடவே வேண்டாம்.