ஓட்டை எங்கே என்று பாருங்கள், பிறகு டியூபை மாற்றுங்கள்



வில்லியனூர், பாகூர் பக்கம் இருசக்கர வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு டியூபின் படம் அனுப்பினார். "சார், இந்த மாதத்தில் மூன்றாவது பஞ்சர். புது டியூப்தான் போட்டேன். வேறு கம்பெனி டியூப் வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தார். ஏரிக்கரை, வாய்க்கால் மேடு என்று மண் பாதையில் ஓட்டுவதற்காகவே பட்டன் டயர் வண்டி வாங்கியவர். "கம்பெனி இருக்கட்டும் தம்பி. மூன்று முறையும் ஓட்டை எந்த இடத்தில் விழுந்தது?" என்று கேட்டேன். அதை அவர் பார்க்கவே இல்லை.

கணக்கில் விடை தப்பென்றால், எந்த வரியில் தப்பியது என்று பார்க்கச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பஞ்சரும் அப்படித்தான். காரணம் தெரியாமல் டியூபை மாற்றினால் புது டியூபும் போய்விடும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

1. சாலையைத் தொடும் பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது ஆணி. நம் ஏரிக்கரைகளில் சீமைக் கருவேல முள்தான் பெரும்பாலும். அதன் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது.

2. ரிம் பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகியிருக்கிறது, அல்லது ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்துகிறது.

3. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. பால் கேன், புல்லுக்கட்டு ஏற்றும் வண்டிகளில் இதைக் கவனியுங்கள்.

4. மவுத் என்று நாம் சொல்லும் வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்று குறைந்து டயர் ரிம்மின் மேல் நழுவியிருக்கும். டயரோடு டியூபும் நகர்ந்து வால்வை இழுத்திருக்கும். அங்கே ஒட்டுப் போட்டால் நிற்காது. டியூபை மாற்றத்தான் வேண்டும்.

அந்தத் தம்பியை ஒரு சோதனை செய்யச் சொன்னேன். வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து, டயரில் அதே தூரத்தில் உள்பக்கம் தேடவேண்டும். வெறும் விரலால் தேடாதீர்கள், பழைய துணியால் துடையுங்கள். முள் இருந்தால் நூல் சிக்கும். மூன்று ஒட்டும் ஒரே தூரத்தில்தான் இருந்தன. அரிசி அளவு கருவேல முள் நுனி கிடைத்தது.

இனி டியூப் வாங்கும் விஷயம். டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைப் பார்த்து வாங்குங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு 2.50-16, பழைய புல்லட்டுக்கு 3.25-19, எக்ஸ்பல்ஸ் முன் சக்கரத்துக்கு 90/90-21. டியூப் பெட்டியின் மேல் உங்கள் டயர் அளவு இருக்கவேண்டும். சின்ன டியூப் போட்டால் இழுபட்டு மெலிந்துவிடும். பெரிதைத் திணித்தால் மடிப்பு விழுந்து அந்த மடிப்பிலேயே தேய்ந்து கிழியும்.

ரப்பரில் இரண்டு வகை. பியூட்டைல் டியூப் காற்றை அதிக நாள் பிடித்து வைக்கும். இயற்கை ரப்பர் டியூபில் காற்று சீக்கிரம் குறையும், ஆனால் எளிதில் கிழியாது. மண் பாதை வண்டிகளுக்கு மொத்தமான டியூபும் கிடைக்கிறது. அதில் எடை கூடும், வேகமாக ஓட்டினால் சூடும் கூடும். தினமும் தார்ச்சாலையில் வேலைக்குப் போகிறவருக்குச் சாதாரண பியூட்டைல் போதும். நம் நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பின்னூட்டத்தில் இன்னும் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மாட்டும்போது கடையில் பக்கத்தில் நின்று பாருங்கள். டயரின் உள்பக்கம் துடைத்தார்களா? ரிம் டேப் சரியாக இருக்கிறதா? டியூபில் கொஞ்சம் காற்று அடித்து, உருண்டையான பிறகு உள்ளே வைத்தால் முறுக்காது, லிவரிலும் கடிபடாது. டயரின் எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்கி வைத்தால் கடைசிப் பகுதி சுலபமாக ஏறும். வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்கவேண்டாம், மூடியை ஒட்டி வையுங்கள். அப்படி வைத்தால் டயர் நழுவும்போது வால்வு சாயும், நமக்கும் முன்கூட்டியே தெரியும்.

இதற்குப் போய் இவ்வளவு பெரிய பாடமா என்று கேட்பீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் பெரும்பாலும் ஆணியே ஓட்டையை அடைத்து நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். டியூப் கிழிந்தால் அப்படியில்லை. ஸ்போக்ஸ் ஓட்டை, வால்வு ஓட்டை வழியாகக் காற்று சில நொடிகளில் போய்விடும். பின் சக்கரம் என்றால் வண்டி ஆட ஆட நிறுத்திவிடலாம். முன் சக்கரம் என்றால் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. முன்னால் குழந்தையை நிற்க வைத்து ஓட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சுவையான செய்தி. காற்றடைத்த சைக்கிள் டயரை 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் செய்தார். அதைச் சக்கரத்தோடு ஒட்டியிருந்தார்கள். பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்க ஒரு நாள் போய்விடும். கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மிஷ்லன் சகோதரர்கள். அதே ஆண்டு பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் சைக்கிள் போட்டியில் அந்த டயரோடு ஓட்டியவர்தான் வென்றார். இன்று நம்மூர் பஞ்சர் கடையில் கால் மணி நேரத்தில் டியூப் மாறுகிறதே, அதன் தொடக்கம் அது.

ஆகவே, பின் சக்கரத்தில் நல்ல ஒட்டு இரண்டு இருந்தால் தவறில்லை. முன் சக்கரத்தில் ஒட்டுமேல் ஒட்டு வேண்டாம். டயர் மாற்றும்போது டியூபையும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன், சூடேறாத டயரில் காற்று பாருங்கள். பாரம் ஏற்றுகிற நாளில் வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்குப் பின் சக்கரத்தில் கூட்டுங்கள்.

இன்று மாலை வீட்டில் நிற்கும் வண்டிகளின் வால்வைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் நாளைக்கே கடைக்குப் போங்கள். அப்பா, தாத்தா ஓட்டும் எக்ஸ்எல்லையும் மறக்காமல் பாருங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

நலமோடு போய் வாருங்கள் பிள்ளைகளே.