துறைமுகத்து மூவர்

மேல்நாட்டு றொக் இசை என்றாலே பணங்கொழுத்த இளைஞரின் கூச்சல் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. முற்போக்காளருட் சிலருங்கூட இதற்கு விலக்கல்லர். அவர்களுக்கு நாம் எப்போதும் எடுத்துக்காட்டுவது 'மினிற்மென்' என்னும் அமெரிக்கக் குழுவையே. 1980 முதல் 1985 வரை இயங்கிய அக்குழு பெரும்பொருள் ஈட்டவில்லை. வணிக வானொலிகள் அதனைப் பொருட்படுத்தவுமில்லை. ஆயினும் அதனை ஒருமுறை நெஞ்சில் ஏற்றவர் பின்னர் விடுவதில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் துறைமுகப் பகுதியாகிய சான் பீட்றோவே இவர்களது ஊர். 1923இல் அங்கு வேலைநிறுத்தஞ் செய்த துறைமுகத் தொழிலாளருக்காக மேடையேறி, நாட்டின் அரசியலமைப்பை வாசித்த குற்றத்துக்காக நாவலாசிரியர் அப்டன் சிங்கிளேயர் கைதுசெய்யப்பட்டார். அத்தகைய ஊரிலே டி. பூனும் மைக் வொட்டும் பதின்மூன்று வயதளவிற் சந்தித்தனர். வொட்டின் தந்தை கடற்படை மாலுமி; பூனின் தந்தை கார்களுக்கு வானொலி பொருத்துபவர். மகன் கிற்றாரும் நண்பன் பேஸ் கிற்றாரும் வாசிக்கட்டும் என்று முடிவுசெய்தவர் பூனின் தாயாரே. பேஸ் கிற்றாரின் கம்பிகள் தடித்தவை என்பதை அறியாது, சாதாரணக் கிற்றாரில் நான்கு கம்பிகளை மாட்டி வொட் வாசித்தாராம்! பின்னர் ட்ரம்ஸ் வாசிக்கும் ஜோர்ஜ் ஹேர்லியும் சேர, குழு மூவராயிற்று.

முதல் இசைத்தட்டில் ஏழு பாட்டுக்கள். அனைத்தும் ஏழு நிமிடத்துள் முடிந்துவிடும். 1981இல் வெளிவந்த இசைத்தட்டில் பதினெட்டுப் பாட்டுக்கள், பதினைந்து நிமிடம். சொல்ல வந்ததைச் சொன்னதும் நிறுத்திவிடுவார்கள். முதன்முறை கேட்பவருக்கு இது அரைகுறையாகத் தோன்றும். பல இரவுகள் கேட்ட பின்னரே, அங்கு வெட்டி நீக்கப்பட்டது எவ்வளவு என்பது நமக்குப் புலனாயிற்று.

பாட்டிலே 'தொழிலாளி' என்ற சொல் வந்துவிட்டால் அது முற்போக்குப் பாட்டு என்று நம்புவோர் நம்மிடையே பலர். உள்ளடக்கத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம் உருவத்தைப் பற்றிப் பேசத் தயங்குகின்றோம். மினிற்மென் பாட்டுக்களிலே வியட்நாமும் எல் சல்வடோரும் றேகன் ஆட்சியும் வருகின்றன என்பது உண்மையே. எனினும் அவர்களுடைய அரசியலின் சிறந்த பகுதி சொல்லில் இல்லை, ஒலியில் இருக்கின்றது என்பதே எமது துணிபு. றொக் குழுக்களிற் கிற்றார்க்காரனே அரசன்; ஏனையோர் அவன் பின்னே நடக்கும் ஏவலர். பூன் இம்முறையை ஏற்கவில்லை. தம் கிற்றாரின் கனத்த கீழ் ஒலிகளை வேண்டுமென்றே நீக்கி, கூரிய மேல் ஒலிகளை மட்டும் வைத்துக்கொண்டார். அதனாற் கீழ்த்தளம் முழுவதும் வொட்டுக்கு உரியதாயிற்று. ஹேர்லியின் ட்ரம்ஸும் மறைவின்றிக் கேட்டது. பூன் இதனை ஓர் அரசியற் செயலாகவே கருதினார் என்று வொட் கூறியுள்ளார். மூவர் சமமாகப் பேசுவது எவ்வாறிருக்கும் என்பதை அங்கே காதாற் கேட்கலாம்.

1984இல் வெளிவந்த 'டபிள் நிக்கல்ஸ் ஒன் த டைம்' அவர்களது தலைசிறந்த படைப்பு. இரட்டை இசைத்தட்டு, நாற்பத்தைந்து பாட்டுக்கள். மூன்று பக்கங்களை மூவரும் ஆளுக்கொன்றாகத் தத்தம் விருப்பப்படி நிரப்பினர். எஞ்சியவை நான்காம் பக்கத்துக்குச் சென்றன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பதர்'. செலவு ஆயிரத்துச் சொச்சம் டொலர்தான். கலையகத்தை மலிவான நேரங்களில் வாடகைக்கு எடுப்பதும், பழைய ஒலிநாடாவைப் பயன்படுத்துவதும், தமது சாமான்களைத் தாமே வண்டியிலேற்றி இறக்குவதும் அவர்களுக்கு வழக்கம். காலையில் வேலைக்குச் செல்வோர் நேரத்தோடு வீடு திரும்பட்டும் என்று, பூன் தம்மூரில் மாலையிலேயே தொடங்கும் கச்சேரிகளையும் ஏற்பாடு செய்தார். நமது இலக்கியக் கூட்டங்களை நள்ளிரவுவரை இழுத்தடிக்கும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

இத்தொகுதியில் 'கொரோனா' என்றொரு பாட்டு உண்டு. அது ஒரு மெக்சிக்கோ பியரின் பெயர். மெக்சிக்கோவின் கடற்கரையொன்றில் நண்பரோடு இரவைக் களித்துக் கழித்த பூன், மறுநாட் காலை வறிய பெண்ணொருத்தி வெற்றுப் போத்தல் பொறுக்குவதைக் கண்டார். போத்தலைத் திருப்பிக் கொடுத்தாற் சில சதம் கிடைக்கும். பாட்டு அவ்வளவே. அவளுக்காக அழுது அரற்றாமலும் அவளை வீராங்கனை ஆக்காமலும் விட்டாரே, அதுவே அதன் பெருமை.

1985 டிசம்பரில், புகழேறிவந்த ஆர்.ஈ.எம். குழுவுக்கு முன்னோடியாக வாசிக்கும் வாய்ப்பு வந்தது. அப்பயணம் முடிந்த சில நாட்களில், டிசம்பர் 22ஆந் திகதி, அரிசோனாப் பாலைவனத்தில் வண்டி கவிழ்ந்தது. காய்ச்சலோடு பின்புறம் படுத்திருந்த பூன் வெளியே எறியப்பட்டு இறந்தார். வயது இருபத்தேழு.

வொட் இசையையே விட்டுவிட எண்ணியிருந்தார். ஒகையோவிலிருந்து எட் குறோஃபோர்ட் என்னும் இளம் இரசிகர் ஒருவர் தேடிவந்து, அவரையும் ஹேர்லியையும் மீண்டும் வாசிக்க வைத்தார். 'ஃபயர்ஹோஸ்' என்ற அக்குழு 1994 வரை நிலைத்தது. 2001இல் மைக்கல் அசெராட் எழுதிய சுயாதீன இசைக்குழுக்களின் வரலாறு, மினிற்மென் பாட்டொன்றின் அடியையே தலைப்பாகக் கொண்டது.

'கொரோனா'வின் தொடக்க இசையை இன்று கோடிக்கணக்கானோர் அறிவர். 2000இல் தொடங்கிய 'ஜாக்காஸ்' என்ற தொலைக்காட்சிக் கோமாளித்தனத்தின் முகப்பிசை அதுவே. போத்தல் பொறுக்கிய பெண்ணை அவர்களுள் எத்தனை பேர் அறிவாரோ! மற்றொரு பாட்டின் இசையை ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு வொட் கொடுத்தபோது, கொள்கை போயிற்றென்று முகஞ்சுளித்தோர் இருக்கக்கூடும். அப்பணம் போனது, நுரையீரல் நோயுற்றிருந்த பூனின் தந்தைக்கு.