காரில் ஒரு வானொலி நிலையம்



மத்திய அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெற்றுப் பேசும் அமெச்சூர் வானொலியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'ஹாம்' என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். 2004-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது அந்தமானிலிருந்து ஹாம் நேயர்கள் செய்தி அனுப்பியதை அறிந்தே நானும் இக்கலைக்கு வந்தேன். இக்கருவியைக் காரில் பொருத்த விரும்புவோர் எதற்கு முதலிடம் தர வேண்டும் என்பதை, நான் செய்த ஒரு பிழையின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மறுநாள், தமக்கையின் குடும்பத்தைத் தேடி என் தம்பியுடன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சென்றேன். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன, கைப்பேசிகள் ஊமையாகிவிட்டிருந்தன. தமக்கை வீட்டார் நலமாயிருந்தனர். அண்டை வீட்டு மூதாட்டி என் காரிலிருந்த கருவியைக் கண்டு அருகில் வந்தார்.

"சிங்கப்பூர்ல இருக்கிற என் மகனுக்கு, நான் உசுரோட இருக்கேன்னு மட்டும் சொல்லிடு வாப்பா" என்றார்.

சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால், தொலைபேசி இயங்கிய ஊரில் ஒரு ஹாம் நண்பர் காத்திருந்தார். என்னிடமோ 50 வாட் ஆற்றலுள்ள கருவி! பெருமிதத்தோடு ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினேன். மறுகணமே கருவி அணைந்துவிட்டது. சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதன் கம்பியைச் செருகியிருந்தேன், ஃப்யூஸ் எரிந்துபோயிற்று. காருக்குள்ளிருந்தே 5 வாட் கைக்கருவியில் பேசிப் பார்த்தேன். சொற்கள் துண்டு துண்டாகவே நண்பரைச் சென்றடைந்தன. முடிவில் அந்த ஊர்வரை காரை ஓட்டிச் சென்று, இரவில்தான் அந்த மகனிடம் பேச முடிந்தது. ஒரு பகல் முழுதும் அவர் தம் தாயை இழந்தவராகவே தவித்திருக்கிறார்.

நேயர்களே, அன்று கற்ற பாடம் இதுதான்: ஆன்டெனா முதலில், மின்கம்பி அடுத்து, கருவி கடைசியில்.

144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியே போதுமானது. அதனைக் கூரையின் நடுவில் நிறுத்துங்கள். கூரையின் தகடே அதற்குத் துணை செய்யும். காருக்குள் வைத்தாலோ, அதே தகடு அலைகளைத் தடுக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இதே முறையில் 10 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். காரில் சுருள் வைத்துக் குறுக்கிய கம்பியைத்தான் பயன்படுத்த இயலும். அதனால் ஆற்றலில் பெரும்பகுதி வீணாகும்.

50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். எனவே, தடித்த கம்பியைப் பேட்டரியிலிருந்தே நேராகக் கொண்டுவந்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் அமைக்க வேண்டும்.

ஆற்றலின் கணக்கையும் கேளுங்கள். 5 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபல். கேட்பவரின் அளவுமானியில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஆகவே பத்து மடங்கு ஆற்றலுக்கும் முள் இரண்டு படிகூட ஏறாது. நல்ல இடத்தில் நிறுத்திய ஆன்டெனாவோ, அனுப்புவதையும் கேட்பதையும் ஒருங்கே உயர்த்தும்.

கருவி வாங்கும்போது, முகப்பைத் தனியே கழற்றும் வகையைத் தேர்ந்தெடுங்கள். உடற்பகுதி இருக்கையின் கீழும், முகப்பு கண்ணெதிரிலும் அமையும். உடற்பகுதி சூடேறும், காற்றோட்டம் விடுங்கள். பேச வேண்டுமாயின் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

இன்று என் காரில் இருப்பது அதே 50 வாட் கருவிதான். ஆன்டெனா கூரைக்கு ஏறிவிட்டது. கம்பி பேட்டரிக்குச் சென்றுவிட்டது. மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி, நண்பரை அழைத்துச் சோதித்துக்கொள்கிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கருவியின் பழுதைப் புயல் நாளில் கண்டறிவதைவிட, வெயில் நாளில் கண்டறிவது நன்று.