அழகருக்கு மாலை... ஆண்டாளுக்குப் பட்டு!

மதுரையிலிருந்து பஸ் ஏறினா 21 கிலோமீட்டர், மலையடிவாரத்துல அழகர்கோவில். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வைகைக்குக் கிளம்புறது இங்கேயிருந்துதான். நீங்க ஃப்ரெண்ட்ஸோட போனா சாமியை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க... கூட வர்ற பக்தர்களோட டிரெஸ்ஸையும் கவனிங்க!

தலையில் உருமா, இடுப்பில் சல்லடம், ஓரமெல்லாம் ஜரிகை. அழகர் மேல தண்ணி பீய்ச்சத் தோளில் ஆட்டுத்தோல் பை. ஃபேன்ஸி டிரெஸ்னு நினைச்சுடாதீங்க. யாரோ ஒருத்தர் வீட்டுக் கஷ்டத்துல நேர்ந்துக்கிட்ட நேர்த்திக்கடன் அது.

அந்தத் துணிகளைத் தலைமுறை தலைமுறையா தைச்சுக் கொடுத்தவங்க, மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்துல மெஷின் போட்டிருந்த தையற்காரர்கள். அவங்கள்ல பலர் முஸ்லிம்கள். அளவெடுக்கிற டேப்புக்கு ஏது பாஸ் மதம்? பழைய மண்டபத்தைப் பாதுகாக்கணும்னு கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தினாங்க. இடம் மாறுச்சு, தையல் நிக்கலை.

சாமிகளுக்குள்ளேயும் கிஃப்ட் பரிமாற்றம் உண்டு தெரியுமா? ஆத்துல இறங்குறப்போ அழகர் போட்டுக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்து அனுப்புற மாலை. ஆடிப்பூரத்துக்கு அழகர்கோவில்ல இருந்து ஆண்டாளுக்குப் பட்டுப்புடவை போகும். ரெண்டு பேருமே கடனை மறக்கிறதில்லை!

அடுத்த பர்த்டேக்குக் கடையில கிஃப்ட் தேடுறதுக்கு முன்னாடி, ஒரு கர்ச்சீப்புக்காவது உங்க கையால ஓரம் தைச்சுக் கொடுத்துப் பாருங்க. தையல் கோணலா வந்தாலும் பரவாயில்லை. அதுக்குப் பதிலா உங்க ஃப்ரெண்ட் ஒண்ணு தைச்சுக் கொடுத்தா... அதுதான் எதிர்சேவை!