வெள்ளாற்றில் ஒரு பாய்ப்படகு

ஏப்ரல் 20

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 2017க்கு முன்பு 45 நாள், இப்போது 61. கடலூர் முதுநகர் துறைமுகமே பட்டறையாகிவிட்டது. ஒருவர் புரொப்பெல்லரைக் கழற்றுகிறார், இன்னொருவர் பலகை இடுக்கில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பத்து அடிக்கிறார். ரெசின், கண்ணாடி இழை மேட், ஹார்ட்னர் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினேன்.

என் படகு அன்னங்கோயில் பக்கம் தென்னை நிழலில் கவிழ்ந்து கிடக்கிறது. சென்னையில் யாரோ பந்தயத்துக்கு ஓட்டிக் கழித்தது, எஞ்சின் கிடையாது. பொழுதுபோக்குக்குப் பாய் விரிப்பது இங்கே சென்னைக்காரர்கள் சமாச்சாரம்தான். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே. பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணனும் அந்த ஊர்தான்.

ஏப்ரல் 28

கொட்டலசு சுரண்டியே காலை போயிற்று. அடியில், நடுப்பலகை இறங்கும் துவாரத்தின் ஓரமாக மயிரிழை விரிசல். ஒற்றை ரூபாயால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் ‘டக்’ என்றது; விரிசலை ஒட்டி ‘பொத்’ என்றது. உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது.

மே 6

அக்னி நட்சத்திரம். ரெசினுக்கு இந்த வெயில் ஆகாது என்பதால் விடியும் முன்பே வேலை. விரிசலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஃபைபர் படகு ஒட்டிக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் கொஞ்சமாக் கலங்க தம்பி. மொத்தமாக் கலந்தா கப்புலயே கல்லாயிடும்.” நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் ஹார்ட்னர், அதற்கே கப் கையில் சுட்டது. உருளையால் காற்றுக் குமிழை அமுக்கி வெளியேற்றுவதற்குள் அடுத்த கலவைக்கு நேரமாகிவிடுகிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகுதான் ஹார்ட்னர். முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கட்டாயம். கண்ணாடித் தூள் அரிப்பு குளித்தாலும் லேசில் போகாது.

மே 13

சிதம்பரத்தில் ஷாமியானா தைப்பவரிடம் பாயைக் கொடுத்தேன். துணி நன்றாகத்தான் இருக்கிறது. வெயில் தையலைத்தான் முதலில் தின்றிருக்கிறது. “கல்யாணத்துக்கா சார்?” என்றார். ஆற்றுக்கு என்றேன். தையல் கூலியில் ஐம்பது குறைத்துக்கொண்டார், பரிதாபம் போலிருக்கிறது.

மே 21

தண்ணீரில் இறக்கினோம். ஒட்டிய இடத்தில் சொட்டுக்கூட வரவில்லை. காலையில் ஆறு கண்ணாடி. மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பியது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர் பாயேற்றும் ஆஞ்சான் கயிற்றை என் கையிலிருந்து வாங்கி அவிழ்த்துக் கட்டினார். “முடிச்சு போடாதீங்க தம்பி. இழுத்தா அவுறணும், அப்பத்தான் காத்து மாறுறப்ப பாயை எறக்க முடியும்.” அவர் இளம் வயதில் கட்டுமரத்தில் பாய் வைத்துப் போனவர். பிறகு அவுட்போர்டு எஞ்சின் வந்தது; 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவர் வீட்டில் இப்போது பாயும் இல்லை, கட்டுமரமும் இல்லை.

பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். திரும்பும்போது அவர்தான் சுக்கான் பிடித்தார். நான் பேசாமல் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 7

மேல்காற்று அடிக்கிறது, கடல்காற்று சாயங்காலம்தான் எட்டிப் பார்க்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருப்பதால் வத்தத்தில் அந்தப் பக்கம் போவதில்லை. ‘பிச்சாவரம் போகலாமே’ என்கிறார்கள் நண்பர்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் காற்று நுழையாது. அங்கே துடுப்புதான் சரி.

ஜூன் 15

விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. நல்ல தண்ணீரில் பாயையும் கப்பிகளையும் அலசிக் காயவைத்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: பரங்கிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துறை நாலு சின்னப் பாய்ப்படகும் லைஃப் ஜாக்கெட்டும் கொடுத்தால் போதும். பாய் பிடித்துப் பழகிய பெரியவர்கள் இந்தக் கரையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் போட்டுக் கூப்பிட வேண்டும்.